தூங்குகிறவர் மேல் யாருக்கு உரிமை?

அவள் செய்வது பொம்மை வேலைதான். ஆனால் கையில் எடுக்க முடியாத பொம்மைகள். கணினித் திரைக்குள் நாற்காலி செய்வாள், விளக்கு செய்வாள், அலமாரி செய்வாள். சுற்றிப் பார்க்கலாம், கவிழ்த்து அடியையும் பார்க்கலாம். அப்புறம் அவற்றை இணையத்தில் போடுவாள். வீடு வரைகிறவர்களும் விளையாட்டு தயாரிக்கிறவர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பது ஏற்பாடு. எடுத்தால்தானே!

அவள் செய்ததிலேயே உசத்தி ஒரு தேநீர்க் கெண்டி. அதன் மூக்கு வளைவுக்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, அதற்கு நிபந்தனை மேல் நிபந்தனை போட்டாள். மாற்றக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. விட்டால் உற்றுப் பார்க்கக் கூடாது என்றும் போட்டிருப்பாள். ஈ, காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

அவள் கணவர் ஒரு வணிக வளாகத்தில் காவல் மேற்பார்வையாளர். வேலையில் கண் கொட்டமாட்டார். அந்தத் தூக்கத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை சோபாவில் தீர்ப்பார். அப்படி ஒரு ஞாயிறு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவரைக் கைபேசியோடு சுற்றிவந்து படம் பிடித்தாள். அந்தப் படங்களிலிருந்து ஆளை அப்படியே திரையில் உருவாக்கி இணையத்தில் போட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், ஊருக்கே கொடுக்கலாம். செய்தவர் பெயரை மட்டும் போட வேண்டும். இந்த மூஞ்சியை யார் எடுக்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை அவர் பேயறைந்தவர் போல வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு விளம்பரத் தாள். கண்காணிப்பு கேமரா விற்கும் கம்பெனி அச்சடித்தது. ‘உங்கள் காவலாளி இப்போது என்ன செய்கிறார்?’ என்று மேலே கேள்வி. கீழே பதில்: சீருடையோடு, நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு, அவரே.

“எவனோ எனக்கே தெரியாம படம் எடுத்திருக்கான். மேனேஜர் நாளைக்கு வந்து விளக்கம் சொல்லுன்னு சொல்லிட்டார். வேலையே போயிடும் போல இருக்கு.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். வளைந்து நின்ற கால் கட்டைவிரலைப் பார்த்ததுமே அது தான் செய்த உருவம் என்று தெரிந்துவிட்டது.

“என்னங்க... அந்த எவனோ நான்தான்.”

அவர் மானம் கப்பலேறிய கதையை நின்றபடியே கேட்டார். “படத்துக்கு உரிமை உனக்குன்னே வச்சுக்கோ. மூஞ்சி என்னோடதுதானே?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள். மேனேஜர் மேசையில் தான் செய்த மூல உருவத்தைத் திறந்து காட்டினாள்: சீருடை இல்லை, பனியன்; வளாகத்து நாற்காலி இல்லை, வீட்டு சோபா.

“சட்டையை அந்த கேமரா கம்பெனிக்காரங்க மாட்டிவிட்டது சார். இவர் தூங்கினது எங்க வீட்டுல.”

மேனேஜர் மவுஸைக் கையில் வாங்கி ஆளை இப்படியும் அப்படியும் உருட்டினார். “அடடே, மூக்குக்குள்ளகூட செஞ்சிருக்கீங்களே!” என்றார். நிஜ ஆள் பக்கத்திலேயே விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வேலை தப்பியது.

தாள் மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“எல்லாரும் எடுக்கலாம்னு நீங்கதானே மேடம் போட்டிருக்கீங்க?” என்றான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். “உங்க பேர் போடாதது எங்க தப்புதான். அடுத்த அச்சுல பெருசா போட்டுடறோம்.”

இத்தனை வருடத்தில் அவள் செய்த எதன் கீழும் அவள் பெயரை யாரும் போட்டதில்லை. நெஞ்சு துள்ளியது. எதிரே கணவர் இரண்டு கையையும் ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று. பெயர் இல்லாதவரை அது யாரோ அவரைப் போல ஒருவர். அவள் பெயர் வந்துவிட்டால் தூங்குகிறவர் யார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

“யோசிச்சு சொல்றேன்” என்று போனை வைத்தாள். அழுகை முட்டியது. தப்பு தன்னுடையது என்பதால் அழவும் வழியில்லை.

அவர் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இந்தப் பனியன்ல தோள்பட்டைகிட்ட பெரிய ஓட்டை இருந்துச்சே?”

“அடைச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“நாலு பேர் பாத்தா உங்களுக்கு அசிங்கமா இருக்காதா?”

வாயைப் பிளந்த ஆளை உலகத்துக்கே தாரைவார்த்தவள் பனியன் ஓட்டையை அடைத்திருக்கிறாள்! சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் விழித்தவர் கடைசியில் சிரித்தே விட்டார்.

“என் மானம்தான் போயாச்சு. உன் பேராவது வரட்டும். போடச் சொல்லு.”

பெயர் வந்தது. வளாகத்துக் கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் “மெதுவா பேசுங்கப்பா, சார் எழுந்திடப் போறார்” என்றார்கள். ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. வீட்டில் அவள் முன்னால் கண்ணை அகல விழித்து விறைப்பாக நின்றார். தன்னை விழித்திருக்கிறபடி செய்யச் சொன்னார். இந்த முறை நிபந்தனைகளை அவரே சொல்லச் சொல்ல அவள் போட்டாள்: மாற்றக் கூடாது, கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது.

தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று போய்ப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. தூங்குகிறவர் மட்டும் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவரே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தக் கெடுபிடியெல்லாம் எடுத்துடு. யாரும் சீண்டாத அந்தக் கெண்டியை என் கையில குடுத்துடு. ரெண்டு பேரையும் சேர்த்து யார் வேணா கொண்டுபோகட்டும்.”

அவள் ஒவ்வொரு நிபந்தனையாக நீக்கிக்கொண்டே வந்தாள். கடைசி நிபந்தனைக்கு வந்ததும் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அது மட்டும் இருக்கட்டும். உன் பேரைப் போட்டே ஆகணும்.”