அந்தக் குரல் அவருடையது அல்ல

இயக்குநர் அவர்களே, நீங்கள் சொன்னது பொய். பழைய நடிகரான பெரியவருக்குக் கடைசிக் காலத்தில் தொண்டை போய்விட்டது, பேச்சே வரவில்லை, அவரே கேட்டுக்கொண்டதால்தான் உங்கள் தொடரில் அவருக்கு வேறு ஆளைப் பேச வைத்தோம் என்று போன மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னீர்கள். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பேட்டி எடுத்த பெண்ணும் உச்சுக் கொட்டினாள். நான் கொல்லிமலையில், செம்மேட்டில், என் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே அலமாரியில் அவர் பேசிய மைக் இருக்கிறது. என் அத்தா அடிவாரத்தில் நடத்திய ரேடியோ செட் கடையிலிருந்து வந்த மைக் அது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று அலைந்து ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதன் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருக்கிறது. கட்டியது அவர். மூச்சுக் காற்று பட்டுப் படபடவென்று சத்தம் வரக்கூடாது என்பதற்காகக் கட்டினார். பேச்சு வராத மனிதருக்கு அந்தக் கைக்குட்டை எதற்கு?

நான் எழுதிப் பழகியவன் இல்லை. மலையில் கேபிள் டிவி நடத்தியவன். தொண்ணூற்றேழாம் வருடம் அடிவாரத்திலிருந்து மேலே வந்து, கூரையில் டிஷ் வைத்து, பலா மரத்துக்குப் பலா மரம் வயர் இழுத்து ஊருக்குக் கொடுத்தேன். குரங்கு கடித்தது போக மிச்ச வயரில் படம் வந்தது. கடையிலேயே எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தேன். மத்தியான நேரத்தில் வீடியோ பிளேயரில் பழைய படம் போடுவேன். ஒருநாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. கேசட் ஓடுகிறது என்று நினைத்துத் திரும்பினேன். பிளேயர் நின்றிருந்தது. பூத்துக்குள் ஒல்லியாக ஒரு கிழவர் சென்னைக்குப் பேசிக்கொண்டிருந்தார். முகம் எனக்குப் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து நான் திட்டித் தீர்த்த வில்லன் அவர்.

பத்து வயதுக்குள் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்குக் கேட்கவில்லை என்றால் அடி விழுமாம். அப்படி வந்த தொண்டை. ஐம்பதுகளில் சினிமாவுக்குப் போனார். வட்டிக்காரன், ஜமீன் கணக்குப்பிள்ளை, தங்கையைக் கெடுப்பவன், கள்ளநோட்டுக் கும்பல் தலைவன். முடி நரைத்ததும் கமிஷனர், நீதிபதி, கதாநாயகியின் அப்பா. அப்புறம் அதுவும் இல்லை. கையில் காசு இருந்தபோது இங்கே திருப்புலி நாட்டில் (மலையில் ஊரை நாடு என்போம்) வாங்கிப்போட்ட மிளகுத் தோட்டம் மட்டும் விற்காமல் மிச்சம் இருந்தது. மனைவி இறந்ததும் அங்கேயே வந்துவிட்டார். இதெல்லாம் அவர் உட்கார வைத்துச் சொன்ன கதை அல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பாதி பாதியாகச் சொன்னது. தன்னைப் பற்றிப் பேசுவதில் அவருக்குச் சலிப்பு இருந்தது.

அவர் இங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் நான் அவருடைய படங்களாகத் தேடிப் போட ஆரம்பித்தேன். என் கடைக்கு எதிரே மிளகும் பலாச்சுளையும் விற்கும் ஒரு அக்கா உண்டு. திருப்புலி நாட்டுக்காரர். ஒருநாள் பெரியவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏனுங்கய்யா, அந்தப் புள்ளைய ஆத்துல தள்ளுனீங்களே, மனசு எப்படீங்க வந்துச்சு?"

"டைரக்டர் தள்ளச் சொன்னாரும்மா. கடைசியில என்னையும் தள்ளிட்டாங்களே, பார்க்கலையா?"

"அதுக்குள்ள கரண்டு போயிருச்சுங்க."

அவர் கூடைப் பக்கத்தில் நின்று, கடைசிக் காட்சியை அந்த அக்காவுக்கு மட்டும் பேசிக் காட்டினார். பஸ் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

அதற்கு அடுத்த வருடம்தான் உங்கள் தொடர் வந்தது. கூட்டுக் குடும்பத்துத் தாத்தா வேஷம். மாதத்தில் சில நாள் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, வளைவுக்கு வளைவு வாந்தியை அடக்கிக்கொண்டு, சேலம் போய் ரயில் பிடித்து வந்து, தாத்தா வரும் காட்சிகளை எல்லாம் முன்கூட்டியே நடித்துக் கொடுத்தார். படம் பிடித்த பிறகு திரையைப் பார்த்து மறுபடியும் பேசிப் பதிவு செய்ய வேண்டும், டப்பிங்குக்குக் கூப்பிடுகிறோம் என்று அனுப்பி வைத்தீர்கள், அதன்பின் அவரை நேரில் பார்க்கவே இல்லை. அவர் உங்களிடம் கொடுத்திருந்த எண் என் பூத்து எண். வேறு எண் அவருக்குக் கிடையாது. தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மணி அடிக்கும் போதெல்லாம் நிமிர்ந்தார். மிளகுத் தரகருக்கு வந்தது, பள்ளிக்கூட வாத்தியாருக்கு வந்தது, ஆஸ்பத்திரி நர்சுக்கு வந்தது. அவருக்கு வரவில்லை. ஐஸ் போட்ட எதையும் தொடவில்லை. வெந்நீர்தான். தொண்டையைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. என் கடை வாசலில் டி.வி.யைத் தூக்கி வைத்தேன். தேவனூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அவர் தேய்த்த சட்டை போட்டு முன்னால் நாற்காலியில் இருந்தார். அவருடைய முகம் திரையில் வந்தது. ஊரே சிரித்தது. வாய் திறந்தது. மூக்கால் பேசும் ஒரு இளவட்டக் குரல், கிழவனைப் போல நடுங்கி நடுங்கி வந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏனுங் பாய், உங்க வயர்ல ஏதோ கோளாறுங்க. போய்ப் பாருங்க." நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அப்படித்தான் நம்பினோம். ஒரு மனிதனின் வாயில் இன்னொருவன் பேசுவான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, வயரில்தான் தப்பு என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து, எல்லா முனையையும் பிடுங்கிச் செருகிவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வயர் சரியாத்தான் இருக்கு பாய். ஆளை மாத்திட்டாங்க." முடியும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளிலிருந்து உங்கள் ஆபீசுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். ஷூட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். சாப்பிடுகிறார் என்றார்கள். ஒருமுறை நீங்களே எடுத்தீர்கள், அவர் பெயர் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். அதை நீங்கள் மறந்திருக்கலாம். எண்ணை அழுத்தியது என் விரல்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் சீக்கிரமே வந்தார். "உங்ககிட்ட மைக் இருக்கா பாய்?" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் கைக்குட்டையைக் கட்டினார். ஊருக்குப் போகும் வயரில் தொடரின் ஒலி வரும் இடத்தில் மைக்கையும் சேர்த்துச் செருகினேன். அவர் பேசும் இடம் வந்தால் நான் தொடரின் ஒலியைக் குறைப்பேன், அவர் பேசுவார். எதிராளி பேசி முடித்ததும் அவருடைய வாய் தானாகத் திறந்தது. மைக் பிடித்த முதல் வாரம் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இரண்டாம் வாரம் நடுவில் இருமல் வந்து, திரையில் தாத்தா வாயை மூடிக்கொண்டே இருமினார். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அக்கா கேட்டார்: "மருந்து வாங்குனீங்களாங்கய்யா? நேத்து அந்த மருமவகாரி முன்னாடி அப்புடி இருமுனீங்க." அதற்கப்புறம் பிசகவே இல்லை. மகன் வீட்டை விட்டு அனுப்பும் காட்சி வந்தது. உங்கள் ஆள் அந்த வசனத்தை ஒப்பாரியாக்கி வைத்திருந்தார். இவர் மைக்குக்குக் கிட்டே குனிந்து, சத்தமே எழாமல் சொன்னார். எதிரே டீக்கடைக்காரர் ஆற்றிய டீயை யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மலைக்குக் கீழே நாடெல்லாம் கேட்டது ஒரு குரல். மேலே நாங்கள் கேட்டது அவருடைய குரல். ஒளிபரப்பில் கை வைத்தது குற்றம் என்பீர்கள். வைத்தேன். வழக்குப் போடுங்கள். அங்கே வந்தாவது வாயைத் திறப்பீர்கள்.

இப்படி மாதக்கணக்கில் ஓடியது. பிறகு ஒருநாள் பூத்தில் மணி அடித்தது. சென்னையிலிருந்து வேறொரு கம்பெனி. சின்னப் பையன் குரல். பெரியவருக்கு நல்ல வேஷம் இருக்கிறது, ஆனால் சமீபத்தில் தொண்டை போய்விட்டது என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னான், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, நீங்கள் இதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று. நான் ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். "நான்தான் பேசறேன்" என்றார். அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. "சார், விளையாடாதீங்க. அவர் வாய்ஸ் எனக்குத் தெரியும். வாராவாரம் சீரியல்ல கேக்கறேன். அவர்கிட்ட குடுங்க."

சீரியலில் பேசுவது வேறு ஆள் என்று நீங்கள் அவனுக்குச் சொல்லவில்லை. பெரியவர், "அவர் வெளியே போயிருக்காருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரிடமே கத்தினேன். வீட்டில் அடுப்பெரிய அந்த வேஷம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மழை பொய்த்து அந்த வருடம் மிளகு கருகிக் கிடந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நான்தான் நான்னு அவனுக்கு நடிச்சுக் காட்டணுமா பாய்?" கம்பெனிக்காரன் மறுபடியும் கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை. பேச்சு வராத நடிகரை யார் கூப்பிடுவார்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. மைக்கைச் செருகி வைத்துக் காத்திருந்தேன். தொடர் ஆரம்பித்தது. அவர் பேசும் இடம் வந்ததும் வழக்கம்போல ஒலியைக் குறைத்தேன். குறைத்தது குறைத்ததுதான், கூட்ட எனக்குக் கை வரவில்லை. மலை முழுக்க அவருடைய வாய் மட்டும் அசைந்தது. தேவனூர் நாட்டுக்காரர் ஒருவர் மறுநாள் கடைக்கு வந்து சத்தம் போட்டார். "ஏனுங் பாய், மாசாமாசம் சந்தா வாங்கிட்டு ஊமப்படமா காட்டறீங்க?" போனில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, சந்தாவை மேசைமேல் வைத்தார். "அப்ப அப்படியே இருக்கட்டுங்க. அந்த மாத்துன ஆளு பேச வேண்டாம்" என்று போய்விட்டார். தொடர் முடியும்வரை அப்படியேதான் ஓட்டினேன். ஒருவர்கூட இணைப்பைத் துண்டிக்கச் சொல்லவில்லை.

அதன்பின் அவர் கடைப் பக்கம் அதிகம் வரவில்லை. வந்தாலும் ஸ்டூலில் உட்காரவில்லை, மணி அடித்தால் நிமிரவில்லை. சில வருடம் கழித்து மழைக்காலத்தில் இறந்தார். காய்ச்சல்தான். முந்தின நாள் நான் போயிருந்தபோது, தோட்டத்தில் ஆடு புகுந்ததைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மேட்டு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து யாரும் வரவில்லை. பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்தது. குரலை இழந்து வாடிய பழம்பெரும் நடிகர் காலமானார் என்று போட்டிருந்தார்கள். அந்த வார்த்தை உங்களிடமிருந்துதான் போயிருக்கிறது. அரை நூற்றாண்டு அவர் சம்பாதித்ததை ஒரு வரியில் தின்றுவிட்டீர்கள். இப்போது பேட்டியில் மறுபடியும் அதே வரி.

கேபிள் தொழில் போய்விட்டது. வீட்டுக்கு வீடு சின்ன டிஷ் வந்துவிட்டது. பூத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. மைக் மட்டும் இருக்கிறது. கைக்குட்டை பழுப்பேறிவிட்டது. என் மகள் துவைத்துப் போடுகிறேன் என்று கேட்டாள், தொடாதே என்று சொல்லிவிட்டேன். அவர் பேசியதற்குப் பதிவு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஓடியது ஓடியதோடு போயிற்று. கேட்டவர்கள் இருக்கிறார்கள். எதிரே அந்த அக்கா இன்றைக்கும் மிளகு விற்கிறார், அவரைக் கேளுங்கள்.

வேறு வேறு ஆட்களிடம் வேறு வேறு விதமாகச் சொல்லி நீங்கள் நழுவ வேண்டாம். எந்தப் பேட்டியில் கண்ணைத் துடைத்தீர்களோ, அதே பேட்டியில், அதே பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். எனக்குப் பேச்சு வரவில்லை, வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் உங்களிடம் எந்தப் போனில் சொன்னார்? அவரிடம் இருந்த ஒரே போன் என்னுடையது. நான் பக்கத்திலேயே இருந்தேன். பதில் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள்.