மஞ்சள் பலகை வரைக்கும்

ஐந்தாம் வகுப்பில், உலகத்தின் ஏதாவது ஒரு சிற்றூரைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும், நன்றாகப் பேசுபவருக்குப் பரிசு என்றார் ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் இணையத்தைத் தேடி ஓடினார்கள். எனக்கென்ன குறை, வீட்டில் சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா, கடல் கடந்து நாங்கள் குடியேறிய கிரவீனில் எங்களோடு வந்து சேருமுன் ஜேர்மன் நாட்டின் பவேரியாவில், ஒரு குட்டி ஊரில், ஐந்து வருடம் அகதியாக இருந்தவர். "எங்கட ஊர்" என்றால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு யாழ்ப்பாணம், சித்தப்பாவுக்கு அது. குசினி மேசையில் தாளை விரித்து மளமளவென்று வரைந்தார்.

"மாதா கோயில் கோபுரத்துக்கு எண்பத்தேழு படி. உச்சி வெங்காயம் மாதிரி இருக்கும். ஒருக்காப் படை வந்து எரிச்சுப்போட்டுது. சனம் கல்லுச் சுமந்து திரும்பக் கட்டினது." சண்டையில் செத்தவர்களின் நினைவுக்கல்லில் உள்ள ஒரே வீட்டுப் பெடியள் மூன்று பேரின் பெயரையும் சொன்னார். மே மாதம் நடுச்சந்தியில் நீலமும் வெள்ளையும் பூசிய நெடுமரம் நடுவார்களாம். அடுத்த ஊரார் அதைக் களவெடுத்தால் பியர் கொடுத்துத்தான் மீட்கலாமாம். "நான் காவல் நிண்ட வருசம் எங்கட கொடிமரத்தை ஒருத்தனும் தொடேல்லை!"

கொடிமரம் என்றதும் எனக்கு நாங்கள் திருவிழாவுக்குப் போகும் ஹெலன்ஸ்பர்க் இந்துக் கோயில்தான் ஞாபகம். பவேரியாவில் மே மாதம் கொடியேறித் தேர் ஓடும் என்று வகுப்பில் அடித்து விட்டேன். என்ன கைதட்டல்! முதற்பரிசு எனக்குத்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது ஒரு பொடியன் வரைபடத்தில் கைவைத்தான். ஊர் எல்லையில் ஒரு மஞ்சள் பலகை, அதற்குப் பிறகு வெறுந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்றான். சித்தப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பரிசு அவனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவைப் பிடித்து உலுக்கினேன்.

"பலகைக்கு அங்கால என்ன?"

"காடு பிள்ளை. பிறகு மலை. பார்க்க நல்ல வடிவாம்."

"வடிவாமோ? நீங்கள் போகேல்லையோ?"

"இல்லை."

"ஐஞ்சு வருசத்தில ஒருக்காக்கூடவோ?"

"எனக்கு எங்கட ஊரே காணும், வேறொண்டும் வேண்டாம்," என்று சிரித்தார். சரியான சோம்பேறி என்று ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, அவருடைய பழைய கோப்பில் அவர் படம் ஒட்டிய ஜேர்மன் அகதி அட்டை ஒன்றைக் கண்டு, கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. ஊரின் அந்தப் பக்கத்தில் மாவட்ட எல்லையே மஞ்சள் பலகைதான். மலை பார்க்க யார் அனுமதி கொடுப்பார்கள்? விட்ட இடத்துக்குள்ளேயே நடந்து நடந்து, படி படியாக எண்ணி, அந்த ஊரைத் தன்னுடையதாக்கி வைத்திருந்திருக்கிறார் மனுசன். அவரைப் போய்ச் சோம்பேறி என்றேனே.

போன வருடம் நான் அங்கே போனேன். கோபுரத்துக்கு எண்பத்தேழு படிதான், ஒன்றும் பிசகவில்லை. பிறகு மஞ்சள் பலகையைத் தாண்டி நடந்து, காட்டின் முடிவில் நின்று அவருக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

"வடிவுதான் சித்தப்பா," என்றேன், மலையின் பக்கம் கைபேசியைத் திருப்பி.