கோமுவுக்கு எதிரே ஒரு நாற்காலி

போன சனிக்கிழமை ஆழ்வார்குறிச்சியில் என் தங்கை சங்கரியோடு ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். அவள் மகள் கோமு எட்டாவது படிக்கும் பள்ளியில், குடும்பங்களுக்காக நடத்துகிறார்கள். போதை, செல்போன், விபரீத யோசனை – இதெல்லாம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பெற்றோரும் பிள்ளைகளும் மனம்விட்டுப் பேசிப் பழக வேண்டுமாம். நல்ல விஷயம்தானே?

போகிற வழியில் எதிர்வீட்டு அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"என்ன தாயி, பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள் சங்கரி.

"பொறவு எதுக்குப் போறிய?"

சங்கரிக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். நடந்ததைச் சொல்லிவிடலாம். நடக்காமல் தடுத்ததை எதைக் காட்டி நிரூபிப்பது?

வகுப்பில் பாதி நாற்காலி காலி. அப்பாக்கள் ரொம்பக் குறைவு. அன்றைய பயிற்சியில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார வேண்டும். பிள்ளை பேசும், அப்பா அறிவுரை சொல்லாமல் கேட்க மட்டும் வேண்டும். வந்திருந்த அப்பாக்கள் தவித்துப் போனார்கள், பாவம். கோமுவுக்கு எதிரே நான் உட்காரப் போனேன்.

"அது அப்பாவுக்கு, பெரியம்மா" என்றாள். கடைசி வரை அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா உலகநாதனுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊர்ப்பக்கம் வருவார். வருகிற சனிக்கிழமை கடைசி வகுப்பு. அதற்காவது வரட்டுமே என்று, வீட்டுக்கு வந்ததும் நானே போன் போட்டேன்.

"வரணும்னுதான் இருக்கு மதினி. ஆனா என்ன ஆச்சுன்னு மேனேஜர் கேப்பாரே... என்ன சொல்ல? எங்க பெரியப்பா தவறினப்போ உடனே லீவு குடுத்தாரு."

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் கூப்பிடுதோம்னு சொல்லுங்க."

சிரித்தார்.

"கோமு என்ன செய்யுதா மதினி?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு மட்டும் ஏக்கம் இருக்காதா என்ன?

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோமு, நான் போனை வைத்ததும் பையப் பையப் பக்கத்தில் வந்தாள்.

"பெரியம்மா, எனக்கு ஏதும் ஆச்சுன்னா அப்பா உடனே வந்துருவாவல்லா?"

சங்கரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். விபரீத யோசனை என்று சொன்னது இதைத்தானோ? எதுக்குப் போறிய என்று கேட்ட அண்ணாச்சிக்குச் சொல்ல அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது...

அந்த மேனேஜர் இந்தப் பத்தியைப் படிப்பாரா, தெரியாது. படித்தால் – ஐயா, ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கும் ஒரு நாள் லீவு கொடுங்களேன்.