கோங்கு மரத்துப் படகு

லாரிகளுக்குப் பாடி கட்டும் எங்கள் பட்டறையின் சிமெண்டுத் தரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவரண்ணன் சாக்பீசால் ஒரு படகை வரைந்தார். அக்குளில் ஊன்றுகட்டையை வைத்துக்கொண்டு நின்றவரால் குனிய முடியவில்லை. ஒரு குச்சியின் நுனியில் சாக்பீசைக் கட்டிக்கொண்டு வரைந்தார். வாழைப்பூ மடல் போல உடல், நடுவில் கம்பம், அதில் முக்கோணமாக ஒரு பாய். "இதுக்குக் காலு வேண்டியதில்ல ஆசாரி. உக்காந்துட்டுக் கவுறு புடிச்சாப் போதும்" என்றார். மங்களூர்ப் பக்கம் சரக்கு இறக்கப் போனபோது ஒருவர் அப்படிப் போனதைப் பார்த்திருந்தாராம்.

எங்கள் பட்டறையில் கட்டிய வண்டிகளைத்தான் அவர் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி இடித்து, கிளட்ச் மிதிக்கும் இடது காலை ஆஸ்பத்திரியில் தொடையோடு எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒரு வருடம் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சோற்றுத்தட்டை எடுக்கப் போனால் வைத்தது வைத்தபடியே இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்து ஒன்று கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மோகனூர் சாலையில் அவர் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கார்த்திகையில் வேலை தொடங்கியது. ஞாயிறுதோறும் நானும், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பாயும் போவோம். பாய் தைக்கிற பாய் என்று அவரைக் கேலி செய்துகொண்டே நாங்கள் மரம் அறுத்தோம். படகைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் பார்த்ததுதான். லாரிக்குப் போடும் கோங்குப் பலகையைத்தான் நான் போட்டேன். லாரிக்குப் போடும் கனத்தில்தான் போட்டேன். மூலைக்கு மூலை இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கினேன். என் கைக்கு வேறு வேலை தெரியாது. உப்புத்தாள் தேய்ப்பது மட்டும் டிரைவரண்ணன் பங்கு. முக்காலியில் உட்கார்ந்து, நாங்கள் இல்லாத நாட்களிலும், பலகை பலகையாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தேய்ப்பார்.

மாசியில் ஒருநாள், கை கழுவப் போனவன், மிச்சமாகக் கிடந்த பலகைத் துண்டை போல்ட்டோடு மாட்டுத் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அது நேராக அடிக்குப் போய்விட்டது. வெறும் பலகையைப் போட்டேன். முதுகு மட்டும் மேலே தெரிய மூழ்கிக் கிடந்தது. ஆளும் ஏறி, கம்பமும் ஏறினால் இந்தப் படகுக்குத் தண்ணீருக்கு மேலே விளிம்பு மிஞ்சாது என்று எனக்கு விளங்கிவிட்டது. சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அக்கா டீ கொண்டுவந்தார். "இப்பத்தானுங்க தம்பி, தெனம் காலையில எந்திரிச்சுச் சவரம் பண்ணிக்கறாரு" என்றார். டீயைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பாயிடமும் சொல்லவில்லை.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. டிராக்டரில் ஏற்றி மோகனூருக்குக் கொண்டுபோனோம். கரையோரத்து இடுப்பளவு ஆழத்தில் கயிறு கட்டி விட்டால் மிதக்கவாவது செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரைவரண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். தூக்கி உள்ளே உட்காரவைத்தோம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இருந்தது. பாயை விரித்ததும் ஆடிக்காற்று அறைந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது. அப்படியே அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் அவரைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மிதந்துபோன ஊன்றுகட்டையைப் பிடிக்கப் பாய் கரையோரமாக ஓடினார். நாங்கள் எட்டு மாதம் செய்ததில் மிதந்தது எதுவுமில்லை.

மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ தெரியவில்லை.

"ஆசாரி, இது இப்பிடி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

"எப்பருந்து?"

"மாசியிலிருந்துங்ணா."

விரல்களை மடக்கினார். அந்த விரல்களின் நுனித்தோல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "அஞ்சு மாசமா என்னையத் தேய்க்க உட்டுட்டுப் பாத்துட்டு இருந்திருக்கற" என்றார். கோபமே இல்லாத குரல். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவில்லை.

ஆற்றில் தண்ணீர் வடிந்தபின் படகு மணலில் கிடந்தது. யார் யாரோ பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். நான் தடுக்கப் போகவில்லை. அவர் மறுபடி கட்டிலுக்குப் போய்விட்டார், தாடியும் வளர்ந்துவிட்டது என்று பாய் சொன்னார். நாளடைவில் பாயும் போவதை நிறுத்திக்கொண்டார்.

நான் மாதம் ஒருமுறை இப்போதும் போகிறேன். மாசியிலேயே சொல்லியிருந்தால் அந்த ஐந்து மாதச் சவரமும் இருந்திருக்காது என்று போகும் வழியெல்லாம் எனக்கு நானே வாதாடுவேன். வீடு வருவதற்குள் அது என்னாலேயே நம்ப முடியாததாகிவிடும். என் வண்டிச் சத்தம் கேட்டதும் உள்ளே டிவி அணைவது தெரியும். அக்கா வாசலுக்கு வந்து, கண்ணைப் பார்க்காமல், "தூங்கறாருங்க தம்பி" என்பார். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்பேன். இப்போது கழற்றுவதில்லை.