சுடுகாட்டுப் பாதையில் ஒட்டிய முகங்கள்

நாவலூரில் ஆபீஸ் வாசலில் ஒருவர் கையில் திணித்த மனை விற்பனை நோட்டீஸை பஸ்ஸில் பிரித்தபோதுதான் படம் வெட்டி ஒட்டுகிற யோசனை தோன்றியது. படத்தில் வளைவில் சாய்ந்து நிற்கும் ஒற்றைப் பனையை எனக்குத் தெரியும். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் சுடுகாட்டுக்குப் போகிற பாதை அது. நோட்டீஸில் அதன் பெயர் ‘ஜாகிங் டிராக்’. மஞ்சள் டீ-சர்ட் போட்ட ஒரு குடும்பம் சிரித்தபடி அதில் ஓடிக்கொண்டிருந்தது.

மனை விற்கிறவர்கள் பாதையை வளைத்து வேலிக்குக் கல் நட்டாயிற்று. இரும்பு கேட்டும் வந்துவிட்டால் சாவை எந்த வழியாக எடுத்துப்போவது? ஊர் சேர்ந்து போய்க் கேட்டால்தான் உண்டு. முன்பே பேசிப் பார்த்திருந்தேன், யாருக்கும் உறைக்கவில்லை. வெட்டி ஒட்டிக் காட்டினால் உறைக்கும் என்று நினைத்தேன்.

நோட்டீஸைப் பெரிதாக பிரிண்ட் எடுத்தேன். காதுகுத்து, கல்யாண பேனர்களின் அடியில் வரிசையாக இருக்குமே ஸ்டாம்பு அளவு முகங்கள், அவற்றை வெட்டினேன். மஞ்சள் குடும்பம் ஓடுகிற பாதையிலேயே ஒரு பாடை, சுற்றிலும் எங்கள் சனம், குறுக்கே பூட்டிய கேட். ஞாயிறு காலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன். கூட்டம் கூடியது.

சித்தப்பா தன் முகத்தைக் கண்டுபிடித்தார். “இன்னாம்மா, அவன மேல வெச்சிட்டு என்ன அவன் காலாண்ட வெச்சிகீற? மன்றத்துல நான் தலைவரு, அவன் பொருளாளரு.”

“சித்தப்பா, குறுக்க பூட்டு போட்டு கீது பாருங்க.”

“அது கெடக்கட்டும். முதல்ல என்னைத் தூக்கி மேல வை.”

எதிர்வீட்டு அத்தைக்கு வேறு கோபம். “உசுரோட கீற மனுசன பாடையாண்ட நிக்க வெச்சிகீறியே, படிச்ச பொண்ணு செய்ற வேலையா இது?” சொல்லிக்கொண்டே தன் வீட்டுக்காரர் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். பார்த்த மற்றவர்களும் சுரண்டினார்கள். பொருளாளர் மட்டும் சுரண்டுவதற்கு முன் தன்னை ஜூம் பண்ணி ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் சுவரில் மஞ்சள் குடும்பம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனரில் முகம் வருவதற்கே இத்தனை காலம் ஆன சனம், யார் மேலே யார் கீழே என்றுதான் முதலில் பார்க்கும். தெரிந்திருக்க வேண்டும் எனக்கு. தெரிந்திருந்தாலும் எரிச்சல் அடங்கியிருக்காது.

அடுத்து ஒட்டப்போகிற படத்தில் உயிரோடிருக்கும் ஒருவரும் கிடையாது. அந்தப் பாதையில் போனவர்களின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள்தான். எல்லா முகமும் ஒரே அளவு. முதலில் பெரியப்பா, சித்தப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். சாயங்காலம் அந்தப் படத்தைச் சித்தப்பாவிடமே போய்க் கேட்கப்போகிறேன். எங்கே ஒட்டுவது என்றும் அவரே சொல்லட்டும், கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று.