ஏவால்ட் வைத்த சீல்

பித்தோம் என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தின் பழைய செங்கல் கட்டடங்களில் ஏவால்டைத் தெரியாத வீடு கிடையாது. ஊரில் பாதிப் பேர் சுரங்கத்துக்குள் இறங்கிப் பிழைத்தார்கள். அவர் கூரைமேல் ஏறிப் பிழைத்தார். குடியிருப்பு நிர்வாகத்துக்காகப் புகைபோக்கிகளைத் துலக்குவார், குளியலறைகளில் கேஸ் பாய்லர் மாட்டுவார், பழுது பார்ப்பார். ஆபத்து என்று தெரிந்தால் வாயுக் குழாயை மூடி, கம்பி சுற்றி ஈயச் சீல் வைத்துவிடுவார். அந்தக் கம்பியை வேறு யாரும் தொடக்கூடாது.

தெருவில் அவருடைய கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே ஜனங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள். புகைபோக்கிக்காரர் எதிரே வந்தால் அதிர்ஷ்டமாம். ஊருக்கெல்லாம் அதிர்ஷ்டத்தை அள்ளிக் கொடுத்த மனிதர் தன் வீட்டுக்கு ஒரு சிட்டிகைகூட வைத்துக்கொள்ளவில்லை. மகள் யுஸ்தினாவுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே மனைவி போய்ச் சேர்ந்தாள். கரி ஏறிய விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மகளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். பள்ளிக்கூடத்தில் அவள் ரிப்பனில் எப்போதும் ஒரு கறுப்பு விரல் அடையாளம் இருக்கும். அவளும் அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

அவள் தாமியனைக் கட்டிக்கொண்டாள். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். பழைய மரச் சன்னல்களைப் பெயர்த்துவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் சன்னல் மாட்டுகிற தொழில் அவனுக்கு. அந்தக் குளிர்காலத்தில் ஊரே பிளாஸ்டிக் சன்னல் பைத்தியம் பிடித்து அலைந்தது. தாமியன் தன் வீட்டுக்கும் மாட்டினான். வாடிக்கையாளர்களை அழைத்து வந்து, மெழுகுவர்த்தியைக் கொளுத்திச் சன்னலோரம் காட்டுவான். சுடர் அசையாது.

மாமனார் படியேறி வந்தாலே அவனுக்குக் கொண்டாட்டம்.

"வாங்க கரி மாமா! யுஸ்தினா, உங்கப்பா வந்துட்டார், புது விரிப்ப எடுத்து ஒளிச்சு வை!"

"ஒளிச்சு வைக்கிற அளவுக்கு உன் வீட்ல என்ன இருக்கு மாப்பிள்ளை? எல்லாமே பிளாஸ்டிக்" என்பார் அவர்.

சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் குழம்பும் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள். பேத்தி ஹானியா பிறந்து சில வாரங்கள் ஆகும்வரை அப்படித்தான் இருந்தது.

உறைபனி இறங்கிய சனவரியில் ஒரு நாள், அந்தக் கட்டடத்தின் பாய்லர்களைச் சோதிக்கும் முறை வந்தது. மகள் வீட்டுக் குளியலறையில் பாய்லரை எரியவிட்டு, அதன் தலைக்கு மேலிருந்த புகைத் திறப்பில் ஏவால்ட் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். புகைபோக்கி ஒழுங்காக இழுத்தால் சுடர் உள்நோக்கிச் சாய வேண்டும். சாய்ந்தது. சமையலறையில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியைப் போடச் சொன்னார். அடுத்த நொடியே சுடர் அவர் முகத்தை நோக்கித் திரும்பி, படபடத்து, அணைந்தது.

அவர் பாய்லரை நிறுத்தினார். சுவரில் காற்றுக்காக விட்டிருந்த சிறு கம்பிவலையைத் தேடினார். அதன்மேல் பளபளப்பான நாடா ஒட்டியிருந்தது.

"இத ஒட்டினது யாரு?"

"நான்தான் மாமா. அதுவழியா பனிக்காத்து கொட்டுது. குழந்தை இருக்கிற வீடு."

"குழந்தை இருக்கிற வீடுன்னுதான் நானும் கேக்கறேன். பாய்லர் எரியணும்னா காத்து வேணும். அந்தக் காத்து எங்கேருந்து வரும்? சன்னலையும் அடைச்சே, ஓட்டையையும் அடைச்சே. வேற வழியில்லாம புகைபோக்கி வழியாத்தான் காத்து இறங்குது. வெளியே போற விஷப்புகையும் அதோட சேர்ந்து உள்ள வருது. வாசனை வராது. தலைவலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான்."

அவர் நாடாவைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடி சோதித்தார். சுடர் முன்னைப்போலவே திரும்பியது. புகைபோக்கியே பழசு, அகலம் போதாது.

"சன்னல் சட்டத்துல காத்துத் துளை போடணும். போடற வரைக்கும் சீல் வைக்கிறேன்."

தாமியனின் சிரிப்பு நின்றது. "என் சன்னல்லயா? ஊர் பூராவும் கூட்டிட்டு வந்து காட்டறேன், ஒரு சொட்டுக் காத்து வராதுன்னு. அதுல போய் ஓட்டை போடறதா? உங்க புகைபோக்கி சரியில்லைன்னா உங்க நிர்வாகத்தப் போய்க் கேளுங்க!"

"அப்பா," என்று யுஸ்தினா குழந்தையை மார்போடு அணைத்தபடி கெஞ்சினாள், "இந்தக் குளிர்ல வெந்நீர் இல்லாம பச்சக் குழந்தைய எப்படிப்பா வச்சுக்குவேன்? குளிக்கறப்ப சன்னலத் திறந்து வச்சுக்கறேன். என்னை நம்பு."

ஏவால்டின் கை ஒரு கணம் நின்றது. அந்தக் குரலுக்கு அவர் வாழ்நாளில் எதையும் மறுத்ததில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை முறுக்கினார். ஈயக்குண்டு குறட்டுக்குள் நசுங்கியது.

"சொந்த மக வீட்டுக்கே சீலா! நல்ல அப்பன்தான்," என்றான் தாமியன். "இனிமே இந்தப் படி ஏறாதீங்க மாமா."

அவர் ஏறவில்லை. நிர்வாகத்திடம் புகைபோக்கிக்கு மனுப் போட்டார். வசந்தத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மகள் அடுப்பில் பானை பானையாகத் தண்ணீர் காய்ச்சித் தூக்குகிறாள் என்று பக்கத்து வீட்டு ஹில்டா சொன்னபோது, அவர் அந்தத் தெருமுனை வரை போனார். மகள் வீட்டுச் சன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே ஏறாமல் திரும்பினார். உயிரோடு இருக்கட்டும், என்னைத் திட்டிக்கொண்டாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஹில்டாதான் ஆள் அனுப்பினாள்.

அவர் ஓடிப்போனபோது வீட்டின் எல்லாச் சன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. மகளையும் குழந்தையையும் ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். தாமியன் குளியலறை வாசலில், துணி மூடிய நிலையில் கிடந்தான். வெளியே நீண்டிருந்த பாதங்கள் விஷப்புகை ஏறிச் சிவந்து, உயிருள்ளவன் பாதங்களைப் போலவே இருந்தன. ஏவால்டின் பார்வை மேலே போனது. வாயுக் குழாயில் அவர் முறுக்கிய கம்பி, வெட்டுப்பட்டுத் தொங்கியது.

மருத்துவமனையில் யுஸ்தினா மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. தூரத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதால் இரண்டு பேரும் தப்பினார்கள் என்றார் மருத்துவர். மகளைக் கண்டதும் ஏவால்டுக்கு ஆத்திரம் பீறிட்டது.

"பாவி! அவன் திமிருக்கு அவன் போய்ச் சேர்ந்தான். உன்னையும் குழந்தையையும் சேர்த்துக் கொன்னிருப்பானே! வெட்டாதேன்னு சொன்ன கம்பிய வெட்டினானே! அவன் குழியில ஒரு பிடி மண்ணு போடமாட்டேன்!"

"அப்பா, வேண்டாம்... அவரத் திட்டாதே!" மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர் வெட்டல. நான் வெட்டினேன்."

ஏவால்ட் அவளை உற்றுப் பார்த்தார்.

"பானை தூக்கித் தூக்கிக் கை வீங்கிப்போச்சு. காலைல பாப்பா உடம்பெல்லாம் அசிங்கம் பண்ணிட்டா. சன்னலத் திறந்து வச்சு, கொஞ்ச நேரந்தானேன்னு... ஒண்ணும் ஆகலப்பா. அதான் தைரியம் வந்துடுச்சு. சாயங்காலம் அவர் பனியில வெறச்சுப்போய் வந்தார். வெந்நீர் வர்றதப் பாத்துட்டு, 'யாரு சீல எடுத்தது?'ன்னு கத்தினார். எனக்குப் பயம். அப்பா வந்து பாத்தார், சரிபண்ணி எடுத்துட்டுப் போனார்னு சொல்லிட்டேன்."

அவள் உதடு கோணியது.

"உடனே அவர் முகம் மாறிடுச்சுப்பா. 'கரி மாமா எடுத்தாரா? அப்ப சரி, அவர் பாத்தா தப்பா இருக்காது. ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடு அவர'ன்னாரு. துளை வச்ச சன்னல் சட்டத்துக்குப் பணம் கட்டிட்டு வந்திருந்தார். உன்கிட்ட சொல்லாதே, வந்து பாத்துட்டு வாயப் பொளக்கட்டும்னார். சன்னலயும் கதவயும் சாத்திட்டுக் குளிக்கப் போனார். உன்ன நம்பிப் போனார்ப்பா."

ஏவால்ட் கட்டிலின் காலடியில் அப்படியே உட்கார்ந்தார். முப்பது வருடமாக வீடு வீடாகத் தேடிப் பிடித்து அடைத்த எமன், அவர் பேரைச் சொல்லியே உள்ளே நுழைந்திருக்கிறான். சற்றுமுன் யாரைச் சபித்தாரோ, அவனுக்காக இப்போது அழக்கூட வாய் வரவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போலீஸ் அதிகாரி வந்தார். இளம் வயது, மரியாதையான ஆள். மேஜைமேல் தொப்பியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும், கேட்டுத்தான் ஆகணும். சீல் வெட்டப்பட்டிருக்கு. வீட்ல இருந்தது நீங்களும் உங்க வீட்டுக்காரரும்தான். யாரும்மா வெட்டினது?"

யுஸ்தினாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மடியில் ஹானியா சிணுங்கினாள். யுஸ்தினாவைச் சிறைக்கு அனுப்பினால் இந்தக் குழந்தை யாரிடம் வளரும்? தாயில்லாப் பெண்ணை வளர்ப்பது எப்படியென்று ஏவால்டுக்குத் தெரியும். அது இன்னொரு தடவை நடக்கக்கூடாது.

"நான்தான்," என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்களா? சீல் வச்சதே நீங்கதானே?"

"வச்சதும் நான்தான், எடுத்ததும் நான்தான். பொண்ணு கஷ்டப்படறாளேன்னு மனசு கேக்கல. சரியாச் சோதிக்காம எடுத்துவிட்டேன். எம்மேலதான் தப்பு."

"பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வேலை போகும். கோர்ட்டு, வழக்குன்னு..."

"யோசிச்சுட்டேன் ஐயா."

அதிகாரி யுஸ்தினாவின் பக்கம் திரும்பினார். "உங்கப்பா சொல்றது நிஜமா அம்மா?"

 இல்லை என்று சொல்லிவிடாதே மகளே என்று ஏவால்ட் உள்ளுக்குள் மன்றாடினார். ஆனால் நெஞ்சின் ஏதோ ஒரு மூலை, வெட்கமில்லாமல், அவள் அப்படிச் சொல்லிவிடமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டும் இருந்தது.

யுஸ்தினா அப்பாவைப் பார்க்கவில்லை. குழந்தையின் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"ஆமா," என்றாள், "அப்பாதான் எடுத்தார்."

ஏவால்ட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் நடந்தார்.