ஆறடி தள்ளி ஒரு மாம்பழச் சாறு

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை தொலைபேசி எடுத்தால் முதலில் குளிர், பிறகு முழங்கால் வலி, அதற்குப் பிறகுதான் நாட்டு நடப்பு. போன வாரம் நாட்டு நடப்பே முதலில் வந்தது.

"அக்கா, எங்கட மாநிலத்தில சட்டமே போட்டிட்டினம். பொலிஸ் வேலை செய்யேக்க தள்ளி நில் எண்டு சொன்னா, பிறகு இருபத்தஞ்சு அடிக்குள்ள போகக் கூடாதாம். உங்க லண்டனில எத்தினை அடி?"

"இஞ்ச அடிக்கணக்கு இல்லையடி. எனக்கு ஆறடி போதும்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தக் கதை அவளுக்கும் தெரியும், முழுவதும் தெரியாது.

இங்கே பொலிஸ்காரரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து எழுதிய சட்டம் இல்லை. நின்று பார்க்கலாம், படமும் எடுக்கலாம். வேலைக்கு இடைஞ்சல் செய்தால்தான் குற்றம். ஆனால் எது இடைஞ்சல் என்று அந்த நேரத்தில் முதலில் தீர்மானிப்பவர் எதிரே நிற்கும் பொலிஸ்காரர். இல்ஃபோர்டில் எங்கள் சங்கத்துக்கு ஒரு வக்கீல் வந்து இதையெல்லாம் விளங்கப்படுத்தினார். முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்டே அந்த மனிதரைக் களைக்க வைத்தவள் நான். வாயாடி என்று என்னைச் சொல்பவர்கள் உண்டு. நான் மறுப்பதில்லை.

என் ஆறடிக் கதை நடந்த அன்று கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள். என் கணவர் நீரிழிவுக்காரர், இன்சுலின் ஊசி போடுகிறவர். விரதம் கூடாது என்று ஆஸ்பத்திரித் தாதி சொன்னபோது நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து முருகனுக்கும் தலையாட்டினார். ஐந்து நாளும் மத்தியானத்தில் பாலும் பழமும் எடுத்தார், ஆறாம் நாள் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. நான் சண்டை பிடித்துப் பார்த்தேன், பலிக்கவில்லை. அன்று காலையில் அவர் ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டது எனக்குத் தெரியாது. "சாப்பாட்டைத்தானே விட்டனான், மருந்தை விடேல்லையே" என்பது அவர் பின்னால் சொன்ன நியாயம். ஆசை வந்துவிடக் கூடாதென்று, சீனி இறங்கினால் வாயில் போடச் சட்டைப்பையில் வைத்திருந்த குளுக்கோஸ் வில்லைகளையும் எடுத்துச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார். இப்படி ஒரு கெட்டித்தனம் எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைச் சமையலுக்கு மரக்கறி வாங்க அன்றே கடைக்குப் போனோம். அவரைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். வாழைக்காயும் பூசணிக்காயும் மாம்பழச் சாறும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அவர் தெருவில் நிற்கிறார். யாருடைய காரையோ எங்கள் சாவியால் திறக்கப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரும் ஒரு பொலிஸ்காரியும். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்து ஊற்றியது. தள்ளாடினார். பார்க்கிறவர்களுக்கு நல்ல குடிவெறி என்றுதான் தோன்றும்.

அப்போது அவர் கை கோட்டின் உள்பைக்குப் போனது. ஊரில் இராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றிகளைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவர்களுக்கு இது விட்டுப்போகாத பழக்கம். சீருடையைக் கண்டால், கேட்கும் முன்பே கை அடையாள அட்டையைத் தேடும். லண்டன் பொலிசுக்கு இது எப்படித் தெரியும்? உள்ளே கத்தி இருக்கிறதென்று நினைத்தாரோ என்னவோ, பொலிஸ்காரர் அந்தக் கையைப் பிடித்து முறுக்கி அவரைச் சுவரோடு அழுத்தினார்.

நான் ஓடினேன். பொலிஸ்காரி குறுக்கே வந்து கையை நீட்டி, தள்ளி நில் என்றாள். எனக்கும் அவருக்கும் இடையில் ஆறடி இருக்கும். தட்டிவிட்டுப் பாயலாம் போலிருந்தது. பாய்ந்தால் என்னையும் பிடிப்பார்கள், பிறகு அவருக்கு என்னவென்று சொல்ல ஆளில்லை. அந்த ஆறடி தூரத்திலேயே நின்றேன். அப்படி நின்றதுபோல் கஷ்டமான வேலை நான் வேறு செய்ததில்லை.

நிற்கச் சொன்னாளே தவிர, பேசாதே என்று அவள் சொல்லவில்லை. என் குரலுக்கு மைக் தேவையில்லை. ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "நான் கிட்ட வரமாட்டேன். அவர் என் கணவர். குடிக்கவில்லை. இன்சுலின் போடுபவர், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. அந்த உள்பையில் நீங்களே கையை விட்டுப் பாருங்கள், அதைச் சொல்லும் அட்டை இருக்கும்."

பொலிஸ்காரர் கையை விட்டுப் பார்த்தார். இன்சுலின் அட்டை இருந்தது. முறுக்கிய கை தளர்ந்தது. நான் மாம்பழச் சாற்றுப் பெட்டியை நடைபாதையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். பொலிஸ்காரி அதை எடுத்து, குழாயைக் குத்தி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விரதம்" என்றார். நாக்குக் குழறியது, ஆனால் பிடிவாதத்துக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கும் பயத்துக்கும் அளவில்லை. தெரு முழுவதும் கேட்கக் கத்தினேன்: "இஞ்சாருங்கோ! முருகனோட நான் கதைக்கிறன். நீங்கள் குடியுங்கோ!"

குடித்தார். பெட்டி சுருங்கும் மட்டும் உறிஞ்சினார். பொலிஸ்காரி திரும்பிப் பார்த்து, என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைக் கிட்ட வரச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் தன் பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னார். நான்தான் நடைபாதையில் பூசணிக்காயோடு குந்திவிட்டேன்.

இப்போது கந்தசஷ்டிக்கு அவர் மூன்று வேளையும் மரக்கறிச் சாப்பாடு. அன்று சீருடையைக் கண்டதும் சுவரில் சாய்த்ததும் ஒன்றும் அவருக்கு நினைவில்லை. ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கிறது, அதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார்.

"இவ பக்கத்தில நிண்டவ. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சாறு பருக்கினவ."

வேறு யாராவது எனக்கு முன்னால் ஒரு விஷயத்தை இப்படிப் பிழையாகச் சொன்னால் விட்டுவைத்திருப்பேனா? தங்கைக்குத் தெரியாதது இதுதான். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை.